கட்டுப்பாட்டு அறைத் திரைக்கும் தச்சநல்லூர்க் குழாய்க்கும் நடுவில்

நீங்கள் கேட்டிருப்பது இது: “நெல்லை ஸ்மார்ட் சிட்டின்னு கோடிக்கணக்குல செலவழிச்சிருக்காவ. பெரிய திரை, கேமரா, சென்சார் எல்லாம் உண்டுன்னு சொல்லுதாவ. தச்சநல்லூர்ல எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வருமின்னு மட்டும் யாருக்கும் தெரியல. தெருவிளக்கு பட்டப்பகல்ல எரியுது. இந்தத் தொழில்நுட்பம் மாநகராட்சி வேலைக்கு நெசமாவே உதவுமா, இல்ல சும்மா காட்சிக்கா? அண்ணாச்சிமாரு யாராவது வெவரமா சொல்லுங்க.”

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கருவிகள் வேலை செய்யுமா என்பது ஒன்று. கருவி வேலை செய்தும் குழாயில் ஏன் மாற்றம் தெரியவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எளிது: ஒழுங்காகப் பொருத்தினால் பெரும்பாலானவை வேலை செய்யும், அவற்றில் புதிய கண்டுபிடிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நீங்கள் கேட்பது இரண்டாவதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அளவி ஒன்று எதையோ அளக்கிறது. அந்த எண் ஓர் அறைக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதைப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் கையில் வால்வுச் சாவியோ, மாற்ற வேண்டிய உதிரிப் பொருளோ, அதை வாங்கும் அனுமதியோ இருக்க வேண்டும். இந்த நான்கு கண்ணிகளில் முதல் இரண்டுக்குத்தான் டெண்டர் விடுவார்கள். மற்ற இரண்டும் பழைய ஆட்கள் தலையில், பழைய சம்பளத்தில், பழைய நோட்டுப் புத்தகத்தோடு அப்படியே இருக்கும். அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25இல் தொடங்கியது. நகரங்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2017 ஜூனில் வந்த பட்டியலில் தூத்துக்குடி, திருச்சி, திருப்பூரோடு நெல்லையும் இடம்பெற்றது. ஒரு நகருக்கு ஒன்றிய அரசின் பங்கு 500 கோடி ரூபாய், அதற்கு ஈடான தொகை மாநிலத் தரப்பிலிருந்து என்பது கணக்கு. செலவழிப்பதற்கென்று மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதி பங்கு வைத்துத் தனி நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். நம்மூரில் மக்கள் கண்ணில் பட்டவை பெரும்பாலும் கட்டடங்கள்: சந்திப்பில் பெரியார் பேருந்து நிலையம், டவுனில் போஸ் மார்க்கெட், பாளையில் காந்தி மார்க்கெட். திட்டக் காலம் 2025 மார்ச் 31இல் முடிந்தது. இந்தத் தேதியையும் அந்தத் தனி நிறுவனத்தையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் தண்ணீர். நெல்லைக்குக் குடிநீர் தாமிரபரணிப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து வருகிறது. மணலில் வடிந்து ஊறும் நீரை பம்பு இழுக்கிறது. தரைத்தொட்டி, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி, பிறகு வால்வு, பிறகு தெரு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது ஒன்றிய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் அளவு. 2011 கணக்கெடுப்பின் 4,73,637 பேரை வைத்துப் பெருக்கினாலே தினமும் சுமார் 6.4 கோடி லிட்டர் வேண்டும். ஆற்றங்கரையில் எவ்வளவு ஏற்றினோம், தொட்டிக்கு எவ்வளவு வந்தது, தெருவுக்கு எவ்வளவு போனது என்று மூன்று இடத்தில் அளந்தால்தான் நடுவில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். இதற்கு வைப்பதுதான் மின்காந்த ஃப்ளோ மீட்டர்.

இந்த மீட்டர் நம்பகமானதுதான். ஆனால் அது ஒரு நிபந்தனை கேட்கும்: முன்னால் குழாய் விட்டத்தைப் போல 5 மடங்கும் பின்னால் 2 அல்லது 3 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் வேண்டும். 300 மி.மீ. குழாய் என்றால் முன்னால் ஒன்றரை மீட்டர், பின்னால் 60 முதல் 90 செ.மீ. பழைய வால்வுத் தொட்டிக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது. புதிதாகத் தோண்டச் சோம்பல்பட்டு, முழங்கை வளைவை ஒட்டியே மாட்டிவிட்டால், நீர் சுழன்று ஓடி எண் தப்பும். குழாய் முழுதாக நிரம்பி ஓட வேண்டும் என்பது இன்னொன்று. பாதி நிரம்பிய குழாயிலும் அது முழுக் குழாய் என்றே நினைத்துக் கணக்குப் போடும், எனவே கூடுதலாகக் காட்டும். திரையில் தெரியும் எண் 3 தசம இடம் வரை துல்லியமாக இருக்கும், மீட்டர் மாட்டிய இடம் தப்பாக இருக்கும். அந்தத் தப்பை அறையில் உட்கார்ந்திருப்பவர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதே மீட்டரோடு ஒரு சாதாரண மின்சார மீட்டரைச் சேர்த்து வைத்தால் கிடைப்பது, என் பார்வையில், இந்தப் பட்டியலிலேயே மலிவான நன்மை. 1,000 லிட்டர் தண்ணீரை 50 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 60% என்றால் சுமார் 0.23 யூனிட் செலவாகும். அதே பம்பு 0.35 யூனிட் எடுக்கத் தொடங்கினால் அதே 50 மீட்டரை வைத்துக் கணக்கிடும் திறன் 40 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிட்டது: இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், குழாயில் படிவு அடைத்திருக்கலாம், கிணற்றில் நீர்மட்டம் இறங்கி ஏற்ற உயரமே கூடியிருக்கலாம். மூன்றில் எது என்று எண் சொல்லாது, ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பம்பு எரிந்து நின்ற பிறகு ஓடுவதற்கும், 2 மாதம் முன்பே சந்தேகப்பட்டு இம்பெல்லருக்கு ஆர்டர் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தெருவுக்கு 4 நாள் தண்ணீர்.

மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் பார்க்க மேலே மீயொலி சென்சார் வைப்பார்கள், அல்லது அடியில் அழுத்த சென்சார். மீயொலி வகைக்குத் தன் மூக்கிலிருந்து கிட்டத்தட்ட 30 செ.மீ. வரை கண் தெரியாது; அதைக் கணக்கில் வைத்து உயர்த்தி மாட்டாவிட்டால் தொட்டி வழியும்போதுதான் அது குழம்பும். தொட்டி உச்சி ஊரிலேயே உயரமான இடம் என்பதால் ஐப்பசி, கார்த்திகை இடிக்கு முதல் பலி அதுதான். மின்னெழுச்சித் தடுப்பான் இல்லாத சென்சார் ஒரு மழைக்காலம் தாண்டுவது அதிர்ஷ்டம். இவை ஒழுங்காக இருந்தால் ஒரு நல்ல சோதனை செய்யலாம். 10 லட்சம் லிட்டர் தொட்டி, 4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 செ.மீ. நீர்மட்டம் 2,500 லிட்டர். இரவில் உள்வரும் வால்வையும் வெளிப்போகும் வால்வையும் இறுக மூடிவிட்டு 5 மணி நேரம் மட்டத்தைப் பார்க்க வேண்டும். 8 செ.மீ. இறங்கியிருந்தால் 20,000 லிட்டர் வால்வு வழியாகவோ தொட்டி விரிசல் வழியாகவோ போயிருக்கிறது. இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம்.

வெளிநாட்டுக் கையேடுகளில் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேறொரு வழி சொல்வார்கள்: அதிகாலை 2 முதல் 4 மணி வரை யாரும் குழாய் திறக்க மாட்டார்கள், அப்போதும் ஓடுகிற தண்ணீர் ஒழுக்கு என்று. அது 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கும் ஊருக்குப் பொருந்தும். ஒடிசாவின் பூரி நகரம் 2021இல் அந்த நிலைக்கு வந்தது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் இரவில் குழாய் காலியாகக் கிடக்கும். தண்ணீர் விடும் நேரத்திலோ வீட்டுக்கு வீடு தரைத்தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும். எது ஒழுக்கு, எது உபயோகம் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே “செயற்கை நுண்ணறிவால் கசிவு கண்டறிதல்” என்று யாராவது விற்க வந்தால், எங்கள் ஊரில் அழுத்தம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரியுமா என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டு மீட்டர் விஷயமும் இப்படியே. காலிக் குழாயில் தண்ணீர் நுழையும்போது முன்னால் தள்ளப்படும் காற்று, இயந்திர மீட்டரின் சக்கரத்தை நன்றாகவே சுற்றும். காற்றுக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

இப்போது உங்கள் தெரு. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரே நேரத்தில் எல்லாத் தெருவுக்கும் போவதில்லை. டர்ன்காக் என்று நாம் சொல்லும் வால்வு ஆபரேட்டர் சைக்கிளிலோ பைக்கிலோ போய் முறை வைத்துத் திறந்து மூடுகிறார். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தச் சந்து வரை ஏறும் என்பது அவர் மனதில்தான் இருக்கிறது, எந்த வரைபடத்திலும் இல்லை. ஆற்றங்கரை முதல் தொட்டி வரை ஸ்காடா (தூரத்திலிருந்தே கருவிகளைக் கண்காணித்து இயக்கும் அமைப்பு) அமைத்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் நிறுத்திவிட்டால், கட்டுப்பாட்டு அறைக்குத் தொட்டி நிரம்பியது தெரியும், உங்கள் தெரு நனைந்ததா என்பது தெரியாது. நீங்கள் பார்க்கும் முரண்பாட்டுக்கு இதுவே முதல் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வால்வுக்கு மோட்டார் வைத்துத் தானாகத் திறக்கலாமே என்பீர்கள். பெரிய குழாய்களில் செய்கிறார்கள். தெரு வால்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். குழிக்குள் மழைநீரும் சாக்கடையும் நிற்கும். மின்சாரம் கொண்டுபோக வேண்டும். அதைவிட எளிய வழி, வால்வுத் தொட்டி மூடியில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டி, திறக்கும்போதும் மூடும்போதும் ஆபரேட்டர் கைபேசியில் பதிய, அந்தத் தெருக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி போவது. ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கர்நாடகத்தில் நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம், வால்வுமேன் தரும் தகவலை வைத்துத் தண்ணீர் வரும் நேரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் சேவையை ஹூப்ளி–தார்வாடில் தொடங்கிப் பெங்களூருக்கும் கொண்டுபோனது. பெங்களூரில் நடந்த கள ஆய்வு, வால்வுமேன்கள் தகவலை ஒழுங்காகத் தராததே பெரிய அடைப்பு என்று கண்டது. வேலைப்பளு, சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வராவிட்டால் தெருக்காரர்களின் ஏச்சு எல்லாம் அவருக்குத்தான். தகவல் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் யோசிக்காமல் செயலி செய்தால் அது நடக்காது.

ஆளை நம்பாமல் அளக்க விரும்பினால், தெருக் கடைசியில் ஒரு அழுத்தப் பதிவுக் கருவி போதும். பேட்டரியில் ஓடும்; 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிவைக்கும்; தினம் ஒரு முறை அனுப்பும். தரைத்தளக் குடியிருப்புக்குக் கடைசி வீட்டிலும் 7 மீட்டர் நீர் அழுத்தம், அதாவது நீர் தானாக 7 மீட்டர் உயரம் ஏறும் அளவு, இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் பழைய கையேடு சொல்கிறது, மாடி கூடக் கூட 12, 17 மீட்டர். தண்ணீர் விடும் நேரத்தில் அந்தக் கருவி பூஜ்யத்துக்குக் கீழே காட்டினால், பெரும்பாலும் யாரோ குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். குழாய்க்குள் வெற்றிடம் உண்டானால், இணைப்பின் இடுக்கு வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். கலங்கல் தண்ணீர் புகார் வருவதற்கு முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டியில் குளோரின் அளக்கும் தானியங்கிக் கருவியைவிடக் கடைசி வீட்டில் கையால் பார்க்கும் சோதனை எனக்குப் பெரிது. அங்கே லிட்டருக்கு 0.2 மி.கி. எஞ்சியிருக்க வேண்டும். தானியங்கிக் கருவியின் உணர்முனையை அடிக்கடி சுத்தம் செய்து, தரப்படுத்தி வராவிட்டால் அது ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும்.

தெருவிளக்குக்கு வருவோம், நீங்கள் சொன்ன பகல் விளக்கு. எல்.இ.டி. மாற்றியபோது 40, 50 விளக்குகளுக்கு ஒரு பெட்டி வைத்து, அதில் சிம் கார்டு போட்டு, நேரத்துக்கு ஏற்றி இறக்குவது வழக்கமான முறை. நம் அட்சரேகையில் மாலைச் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க சுமார் 6 மணிக்கும் 6:40க்கும் இடையில்தான். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 1 மணி நேரம். எனவே சூரிய நேரத்தைக் கணக்கிட்டு இயக்குவதால் மிச்சமாகும் மின்சாரம், விளம்பரத்தில் சொல்வது போலப் பெரிதாக இருக்காது. பெரிய மிச்சம் சோடியம் விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியதிலேயே வந்துவிட்டது. அடுத்த மிச்சம், பகலில் எரிவதை நிறுத்துவதில். பகலில் ஏன் எரிகிறது? பெட்டிக்குள் உள்ள கான்டாக்டர் (விளக்குகளை ஏற்றி அணைக்கும் தானியங்கி சுவிட்ச்) கெட்டிருக்கும், அல்லது சிம் செத்திருக்கும். லைன் ஆள் புகாரை முடிக்க ஒரு ஒயரைப் போட்டு நேரடி இணைப்பு கொடுத்துவிட்டுப் போயிருப்பார். விளக்கு எரிந்தது, புகார் மூடப்பட்டது, பெட்டி குருடாகிவிட்டது.

இந்தப் பெட்டி எந்த விளக்கு எரியவில்லை என்று சொல்லாது, மொத்தச் சுமையைத்தான் காட்டும். 90 வாட் விளக்கு 50 என்றால் மொத்தம் 4,500 வாட். ஒன்று அணைந்தால் 2% குறைவு, அது மீட்டர் ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். மூன்று பேஸையும் தனித்தனியே பார்த்தால் ஒரு பேஸில் 16, 17 விளக்குகள். ஒன்று அணைந்தால் 6%. அது தெரியும். இதில் ஆம்பியரைப் பார்க்கக் கூடாது, வாட்டைப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் என்ற பாகம், வோல்ட் குறைந்தால் அதிக ஆம்பியர் இழுத்து வாட்டைச் சமமாக வைத்துக்கொள்ளும். எச்சரிக்கை வரம்பை ஆம்பியரில் வைத்த ஊர்களில் வோல்ட் இறங்கும் மாலை 7 மணிக்குத் தினமும் பொய் எச்சரிக்கை வந்து, ஒரு மாதத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

குப்பையில் நான் நம்பும் ஒரே எண் எடை மேடையினுடையது. தொட்டி நிரம்பியதா என்று பார்க்கும் சென்சார், வீட்டுக்கு வீடு பேட்டரி வண்டி போய் வாங்கும் முறையில் தேவையே இல்லை. வீட்டுக் கதவில் ஒட்டிய க்யூஆர் கோட்டை வருகைச் சான்றாக வைத்தால், கோடுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தே 200 வீட்டைப் பதிந்துவிட முடியும். இரண்டு பதிவுக்கு இடையே எத்தனை வினாடி என்று பார்த்தால் பிடிபடும். பிடிபட்டபின் தூய்மைப் பணியாளரைத் தண்டிப்பதற்கு முன், ஒருவருக்கு எத்தனை வீடு கொடுத்திருக்கிறோம், வண்டியின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது நியாயம். ராமையன்பட்டி போன்ற கிடங்கு வாசலில் எடை மேடை இருந்தாலும் அதிலும் கள்ளம் புகும். வெறும் வண்டியின் எடையை ஒருமுறை பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அதையே கழிப்பார்கள். டன் கணக்கில் பணம் என்றால் கட்டட இடிபாடு குப்பைக்கு அடியில் ஏறும். மழை நாளில் ஈரமும் எடைதான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இருமுறை எடை, நம்பர் பிளேட்டோடு ஒரு படம், வார்டு வாரியாகத் தினப் பதிவு: இவை இருந்தால், ஒரு வார்டில் திடீரென்று எடை பாதியாகும்போது குப்பை ஓடைக்கோ பாளையங்கால்வாய்க்கோ போகிறது என்று ஊகிக்கலாம்.

வரி, சான்றிதழ், கட்டட அனுமதி இவை இணையத்துக்கு வந்ததுதான் சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம். சொத்துவரியை அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்தில், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ, கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1% கூடும். பணம் கணக்கிலிருந்து போய், ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு வரி விதிப்பு எண்ணையும் எழுதி, இரண்டு வேலை நாள் கழித்துப் பாருங்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்கிறது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு சாதாரண கேமரா 4 மெகாபிட் வேகத்தில் ஓடினால் நாளுக்கு 43 ஜிபி. 30 நாள் வைத்திருக்க 1.3 டெராபைட். அந்தப் பணத்தில் பெரும் பயன் காவல்துறைக்கு, மாநகராட்சிச் சேவைக்கு ஓரளவே. வண்ணார்பேட்டை நெரிசலைக் கேமரா காட்டும், அகலப்படுத்தாது.

வெள்ளத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது, தாமிரபரணி கரை மீறி, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே சூழ்ந்தது. படுகையில் உள்ள குடிநீர் நீரேற்று நிலையங்கள் சேதமாகி, ஊரெல்லாம் வெள்ளம், குழாயில் தண்ணீர் இல்லை என்ற நிலை. அந்த மாதிரி நாளில்தான் நீர்மட்ட சென்சார் வேண்டும், அந்த மாதிரி நாளில்தான் அது சாகும். மின்சாரம் போகும், கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீரும், சிம் வழி அனுப்பும் எல்லாக் கருவியும் ஒன்றாக ஊமையாகும். எனவே ஆற்றுப் பாலத்து சென்சாருக்கு ரேடியோ அலை வழி ஒரு மாற்றுப் பாதை, 3 நாள் தாங்கும் பேட்டரி, அருகில் கண்ணால் படிக்கும் வண்ணம் பூசிய அளவுகோல் மூன்றும் வேண்டும். பம்பு அறையின் மின்பலகையை அந்த வெள்ள மட்டத்துக்கு மேல் தூக்கி வைப்பது எந்த சென்சாரையும்விட அவசரமான “ஸ்மார்ட்” வேலை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளைத் திறப்பது நீர்வளத்துறை. சாக்கடை, மழைநீர் வடிகால் மாநகராட்சி. எச்சரிக்கை தருவது மாவட்ட நிர்வாகம். மூவரின் எண்ணும் ஒரே திரையில் வருவதுதான் கட்டுப்பாட்டு மையத்தின் உண்மையான உபயோகம், மற்ற நாள்களில் அது அவ்வளவு அவசியம் இல்லை என்றே சொல்வேன்.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக் காரணம், இவை இயற்பியலும் பராமரிப்பும் சார்ந்தவை. ஐயத்தோடு பார்க்க வேண்டியவை வேறு: கட்டுப்பாட்டு மையத்தால் இத்தனை சதவீதம் சேமிப்பு, இத்தனை சதவீதம் புகார் குறைவு என்ற அறிக்கைகள். கருவி வைப்பதற்கு முன்பு என்ன நிலை என்று யாரும் அளக்காதபோது, பின்பு வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? புகார் எண்ணிக்கையும் அப்படியே. செயலி வந்ததும் புகார் கூடினால் சேவை கெட்டது என்று பொருளில்லை. குறைந்தால் சரியாகிவிட்டது என்றும் பொருளில்லை, மக்கள் சலித்துவிட்டிருக்கலாம்.

முன்பு சொன்ன இரண்டு செய்திகள் இங்கே வருகின்றன. கருவிகளை வாங்கியது தனி நிறுவனம்; வால்வைத் திருப்புவதும் விளக்கை மாற்றுவதும் மாநகராட்சியின் உதவிப் பொறியாளரும் அவர் கீழ் உள்ளவர்களும். எச்சரிக்கை ஒரு நிறுவனத்துத் திரையில், உதிரிப் பொருள் வாங்கும் கோப்பு இன்னொரு அலுவலகத்தில். திட்டக் காலம் முடிந்த பிறகு, பராமரிப்பு ஒப்பந்தம் தீர்ந்ததும், சிம் கட்டணம், பேட்டரி, சர்வர் வாடகை எல்லாம் மாநகராட்சியின் சொந்த வருமானத்திலிருந்து வர வேண்டும். கணக்குக்கு, 500 சிம் கார்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6 லட்சம். சிறிய தொகைதான், ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் கட்டணம் நின்றால், 500 கருவியும் ஒரே நாளில் அணையும். வெளியிலிருந்து பார்த்து எந்தத் தொட்டியில் எந்தச் சென்சார் இன்று உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால் அந்தத் தனி நிறுவனத்துக்கும் சட்டம் பொருந்தும். “ஸ்மார்ட் சிட்டியில் என்ன செய்தீர்கள்” என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கம் பெருமை வரும், தகவல் வராது. இப்படிக் கேளுங்கள்: என் தெருவுக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் கடந்த 30 நாள் நீர்மட்டப் பதிவு, அந்தத் தொட்டியின் வால்வு திறப்பு அட்டவணை, தெருவிளக்குப் பெட்டிகளில் இன்று இணைப்பில் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை, பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதி, குறைபாட்டுக்காக ஒப்பந்ததாரரிடம் இதுவரை பிடித்தம் செய்த தொகை. கடைசிக் கேள்விக்கு “பூஜ்யம்” என்று பதில் வந்தால், எல்லாக் கருவியும் ஒரு நாள்கூடப் பழுதாகவில்லை என்று யாரும் நம்ப மாட்டார்கள். பழுதை யாரும் பதியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அதுவரை உங்கள் வீட்டிலேயே ஒரு பதிவேடு தொடங்கலாம். தண்ணீர் வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம். மோட்டார் போடாமல் தெருக்குழாயில் 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி. 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், 2 நிமிடம் என்றால் 5 லிட்டர். வாரம் ஒரு முறை குளோரின் சோதனைப் பெட்டியில் நிறம் பார்த்து எழுதுங்கள். சொட்டு மருந்து வகையில் மஞ்சளும், மாத்திரை வகையில் இளஞ்சிவப்பும் வர வேண்டும், நிறமே வராவிட்டால் குளோரின் எஞ்சவில்லை. தெருத் தொடக்கத்தில் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று வீட்டில் ஒரே நாளில் எழுதினால், 6 வாரத்தில் உங்களிடம் இருப்பது புகார் மனுவைவிடக் கனமான காகிதம். அதோடு தொட்டியின் நீர்மட்டப் பதிவை வாங்கி, இரண்டையும் தேதி வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உதவிப் பொறியாளரிடம் காட்டுங்கள். தொட்டி நிரம்பியிருந்த நாளிலும் கடைசி வீட்டுக்கு வரவில்லை என்று தெரிந்தால், பேச்சு ஆற்றை விட்டு வால்வுக்கு வந்துவிடும்.